இன்னும் மூணு முடியலை

சேலத்துக்கும் தருமபுரிக்கும் இடையே ஓடும் பேருந்தில் கண்டக்டராக இருந்த வேடியப்பன், ஒரு குழந்தை படியில் கால் வைக்கும்போதே அதன் வயதைச் சொல்லிவிடுவான். அவன் பையைக் குலுக்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் தாய்மார்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொள்வார்கள், காலை மடக்கு என்று காதில் சொல்வார்கள், தூங்கு என்பார்கள், தூங்காத குழந்தையின் கண்களை உள்ளங்கையால் பொத்துவார்கள், இவ்வளவும் செய்து முடித்தபின் ஓமலூரில் ஏறியவர்களும் சரி, தொப்பூரில் ஏறியவர்களும் சரி, ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: இன்னும் மூணு முடியலை. சட்டம் மாறி ஐந்து வயதுவரை டிக்கெட் கிடையாது என்று ஆனபிறகும் பழக்கம் விடாமல் பாதிப்பேர் மூன்று என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"முடியலைன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா, பஸ்ஸுல எதுக்கு ஏத்துன?" என்பான் வேடியப்பன்.

பேருந்து சிரிக்கும். அந்தத் தாயும் சிரித்துக்கொண்டே அரை டிக்கெட்டுக்குச் சில்லறை தேடுவாள். கண் பொத்தப்பட்ட குழந்தை விரல்களின் சந்து வழியாக அவனைப் பார்க்கும்.

அப்படிப்பட்ட வேடியப்பன்தான் முழுப்பரீட்சை லீவில் மனைவி நதியாவையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கிருஷ்ணகிரி தாண்டி பெங்களூர் சாலையில் இருந்த அலைமாளிகை என்ற நீர்விளையாட்டுப் பூங்காவுக்குப் போனபோது, வாசல் கவுன்ட்டரின் சின்ன ஜன்னலுக்குமுன் குனிந்து அதே வாக்கியத்தைச் சொன்னான். கையில் காசு இல்லாமல் அல்ல. இதற்கென்றே தீபாவளியிலிருந்து எடுத்துவைத்திருந்தார்கள். ஆனால் அவன் வாழ்நாளில் டிக்கெட் கொடுக்கும் பக்கத்திலேயே நின்றவன், வாங்கும் பக்கத்தில் நின்றது அதுதான் முதல் தடவை. உள்ளே இருந்த பெண் தலை நிமிராமல் "சின்னவங்களுக்கு என்ன வயசு சார்?" என்று கேட்டபோது, வருடக்கணக்கில் அவன் காதுக்குள் போய்க்கொண்டிருந்த வார்த்தை தானாக வாய்வழியே வெளியே வந்துவிட்டது.

"இன்னும் மூணு முடியலை."

"ரெண்டு பேருக்குமா?"

சின்னவன் ருத்விக்குக்கு உண்மையாகவே மூன்று முடியவில்லை, இரண்டரைதான். பெரியவள் தன்ஷிகா யு.கே.ஜி. முடித்தவள். நதியா அவன் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். பின்வாங்கினால் மாட்டிக்கொள்வோம் என்பது வேடியப்பனின் தொழில் அனுபவம்.

"ஆமா."

"அப்ப ரெட்டையா?"

"ரெட்டைதான்."

"குழந்தைங்களுக்கு டிக்கெட் தேவையில்ல, உள்ள போங்க. துணி வேணும்னா இடதுபக்கம் பேபி அக்கா கடை."

துணி எதற்கு என்று வேடியப்பனுக்குப் புரியவில்லை. கம்பிச் சுழல்கதவைத் தள்ளிக்கொண்டு அவன் ருத்விக்கைத் தூக்கி அந்தப்பக்கம் வைத்தான், பின்னாலேயே தன்ஷிகா வந்தாள், கதவு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அவளுடைய செருப்புகள் இந்தப்பக்கமே நின்றுவிட்டன, ஏனென்றால் கால்கள் அவற்றைவிடச் சின்னதாகிவிட்டன. கொலுசு கழன்று சிமெண்டுத் தரையில் விழுந்தது. முழங்காலுக்கு இருந்த கவுன் பாதத்தை மூடித் தரையில் புரண்டது. அதற்குள்ளிருந்து, உச்சியில் தென்னங்கன்று மாதிரிக் குடுமி போட்ட, கன்னம் உப்பிய ஒரு குழந்தை நதியாவை நிமிர்ந்து பார்த்து இரண்டு கைகளையும் நீட்டியது.

"ம்மோ, தூக்கு."

அலைமாளிகையின் வாசலில் சொன்ன வயது பலித்துவிடும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரியாதவர்களிடம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை, மழை பெய்தால் ஏரி நிறையும் என்பதை யாராவது எடுத்துச் சொல்வார்களா. அது முன்பு மாந்தோப்பாக இருந்த இடம். தோப்பை வாங்கிச் சறுக்குமரங்களும் செயற்கை அலையும் கட்டியவர்கள் கதவு வைத்த நாளிலிருந்தே அது அப்படித்தான் இருந்தது, முதல் வாரத்தில் கொஞ்சம் கூச்சல் எழுந்தது, இரண்டாவது வாரத்தில் எதிர்ப்பக்கத்து டீக்கடைக்காரர் பால்பவுடர் வாங்கிவைத்தார், மூன்றாவது வாரத்தில் பேபியம்மாள் என்ற விதவை கிருஷ்ணகிரிச் சந்தையில் பழைய சட்டை துணிமணி மூட்டையாக வாங்கிவந்து வாசலுக்கு உள்ளே வாடகைக்கடை போட்டாள், அதற்கப்புறம் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் மிஞ்சவில்லை. தன் வயதைத் தானே சொல்லிக்கொண்டால் கதவு கேட்பதில்லை, பெற்றவர்கள் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. விசாரிக்க வந்த ஓர் அதிகாரி கவுன்ட்டரில் தனக்கு இருபது என்று சொல்லிப்பார்த்தார். ஒன்றும் நடக்காததால் எல்லாம் வதந்தி என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாடகைக் காரில் தன் தாயாரை அழைத்துக்கொண்டு அவரே திரும்பி வந்தார் என்று டீக்கடையில் சொல்வார்கள்.

வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த மகன்களை அழைத்துக்கொண்டு அங்கே ரிட்டயர்டான தம்பதிகள் வந்தார்கள், பகலெல்லாம் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு மீன்காட்சியைக் காட்டினார்கள், சாயங்காலம் முழு டிக்கெட்டுக்கு உண்டானதைக் கட்டிவிட்டு, மூக்கு மட்டும் வெயிலில் கறுத்துப்போன வளர்ந்த மகனோடு வெளியே போனார்கள். கல்யாணப் பத்திரிகை அடித்தபின் மகளை அழைத்துக்கொண்டு வரும் தகப்பன்மார்கள் உண்டு. பத்தாம் வகுப்பில் தோற்றுப்போன பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, அவர்கள் அன்றைக்குப் பிள்ளையைத் திட்டுவதில்லை. வாரத்துக்கு ஒருமுறை தன் நாற்பது வயது மகளோடு வந்து, அவளுக்கு ஐந்து என்று சொல்லி, அவளுக்கு ரெட்டைச்சடை பின்னிவிட்டு, அலையில்கூட இறங்காமல் போகும் ஓர் அம்மாளை ஊழியர்கள் எல்லோருக்கும் தெரியும்.

வேடியப்பனுக்கும் நதியாவுக்கும் இதெல்லாம் பேபியக்கா சொல்லித்தான் தெரிந்தது.

"எத்தனையிலிருந்து எத்தனைக்கு இறக்குனீங்க?" என்று கேட்டாள் அவள், தன்ஷிகாவின் இடுப்பில் ஒரு ஜட்டியை வைத்து அளவு பார்த்துக்கொண்டே.

"அஞ்சரையிலிருந்து மூணுக்குள்ள" என்றான் வேடியப்பன்.

"அது ஒண்ணும் ரொம்ப இல்லியே. நேத்து ஒருத்தர் காலேஜ் படிக்கிற பையனை இறக்கிட்டாரு. மீசையோட கதவுல நுழைஞ்சான், பீடிங் பாட்டிலோட என் கடைக்கு வந்தான். அளவுக்குச் சட்டை இல்லாம துண்டுல சுத்திக் குடுத்தேன்."

"இவரு கண்டக்டர், அக்கா" என்றாள் நதியா. "ஊரு உலகத்துல எல்லாப் பொம்பளையும் பொய் சொல்றான்னு தினமும் வீட்ல வந்து சொல்லிச் சிரிப்பாரு."

"கண்டக்டரா? அப்பச் சரி. ஏத்தறதும் இறக்கறதும் உனக்குப் புதுசா தம்பி?" பேபியக்கா பூப்போட்ட ஒரு சின்னச் சட்டையை உதறி நீட்டினாள். "பயப்படாதீங்க. மூடறதுக்குள்ள கவுன்ட்டருக்குப் போய் நிஜ வயசைச் சொல்லி, உண்டானதைக் கட்டி ஏத்திக்கங்க. சொல்லாம வெளிய போயிட்டா அந்த வயசு அப்படியே நின்னுடும். நின்னவங்களும் இருக்காங்க. நல்லாத்தான் இருக்காங்க. பர்கூர்ப் பக்கம் ஒரு பையன் ரெண்டாம் தரம் ஒண்ணாங்கிளாஸ் படிக்கிறான், வாத்தியார் ஒண்ணும் கேக்கலையாம்."

நதியா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாளா என்று வேடியப்பனுக்குத் தெரியவில்லை. இடுப்பில் இருந்த குழந்தை அவளுடைய வயிற்றைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாப்பா எங்க?" என்றது.

நதியாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. இந்தக் குழந்தை கடைசியாகப் பார்த்த அம்மாவுக்கு வயிறு பெரிதாக இருந்தது, அதற்குள் ஒரு பாப்பா இருந்தது, தினமும் காலையில் அதற்குக் கேட்கும்படி வயிற்றில் வாய்வைத்துக் கத்துவது இவளுடைய வேலையாக இருந்தது.

"அதோ பாரு" என்று ருத்விக்கைக் காட்டினாள்.

தன்ஷிகா வெகுநேரம் அவனைப் பார்த்தாள். அவன் அவளைவிடக் கையகலம்கூடக் குள்ளமில்லை. ரெட்டை என்று தகப்பன் சொன்னதில் அவனுக்கும் சில மாதங்கள் ஏறியிருந்தன, அதனால் காலையில் அவனுக்கு வராத 'ர' இப்போது வந்தது. அவன் தன் மார்பைத் தொட்டு "ருத்து" என்று சுத்தமாகச் சொன்னான்.

ருத்விக் குறைமாதத்தில் பிறந்தவன். தருமபுரி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வாரக்கணக்கில் அவன் கிடக்க, நதியா அந்தப் பெட்டிக்கு வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, வேடியப்பன் டபுள் டூட்டி பார்க்க, மூன்று முடியாத தன்ஷிகாவை ஓசூரிலிருந்து வந்த நதியாவின் அக்கா தூக்கிக்கொண்டு போனாள். பஸ் ஸ்டாண்டில் கைமாற்றும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, அழவில்லை, அதுவே அப்போது பெரிய நிம்மதியாக இருந்தது. ஒரு வாரம் என்றுதான் போனாள். ருத்விக்குக்கு மஞ்சள்காமாலை வந்தது, அப்புறம் சளி வந்தது, அப்புறம் நதியாவுக்கே முடியாமல் போனது, ஒரு வாரம் ஒரு மழைக்காலமாகி, மழைக்காலம் ஒரு கோடையாகி, அவள் திரும்பி வரும்போது நாலு வயதுப் பெண்ணாக இருந்தாள். கால் நீண்டிருந்தது. தானே பல் தேய்த்தாள். தண்ணீருக்குத் தெலுங்கில் நீலு என்றாள். ஓசூரில் பெரியம்மாவின் பிள்ளைகள் நதியாவைச் சித்தி என்று கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்ததால், வீட்டுக்குள் நுழைந்து, செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, பெற்ற தாயைப் பார்த்துச் "சித்தி, பாப்பா எங்க?" என்று கேட்டாள்.

சில நாட்களில் அம்மா என்று திருத்திக்கொண்டாள். கெட்டிக்காரப் பெண். ஆனால் அதற்கப்புறம் தூக்கு என்று ஒருநாளும் கேட்கவில்லை. நதியாவும் அவளிடம் நீ பெரியவ என்றுதான் சொன்னாள். நீ பெரியவ, விட்டுக்குடு. நீ பெரியவ, நீயே போட்டுக்கோ. நீ அக்கா, அழலாமா. போட்டோவில்கூட நடுவில் ஒரு வருடம் இல்லை. கல்யாண ஆல்பத்தில் பூச்சி அரித்த பக்கம் மாதிரி, இந்தப்பக்கம் குடுமி போட்ட குழந்தை, அந்தப்பக்கம் ஸ்கூல் யூனிபாரம் போட்ட பெண்.

பூச்சி அரித்த அந்தப் பக்கம்தான் இப்போது இடுப்பில் உட்கார்ந்திருந்தது. பிடரியில் அதே பால்வாசனை. கோபம் வந்தால் காதுமடலை இழுக்கும் அதே பழக்கம். நதியா ஒரு இடுப்பில் அவளையும் மறு இடுப்பில் ருத்விக்கையும் வைத்துக்கொண்டு, வேடியப்பன் ஒன்றையாவது கொடு என்று கேட்டும் கொடுக்காமல், மீன்காட்சிக்குப் போனாள், குட்டி ரயிலில் ஏறினாள், புடவையோடு அலையில் இறங்கினாள். அலை வரும்போது இரண்டு குழந்தைகளும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒரே குரலில் கத்தின. பிறகு ஒரு மஞ்சள் வாளிக்காக ஒன்றையொன்று கடித்துக்கொண்டன. நதியா வாயைத் திறந்தாள், எப்போதும் வரும் வார்த்தை வரவில்லை, அதைச் சொல்ல அங்கே பெரியவள் யாரும் இல்லை. வேடியப்பன் போய் இன்னொரு மஞ்சள் வாளி வாங்கிவந்தான்.

"ரெட்டைங்களா?" என்று தண்ணீரில் நின்ற ஒரு ஈரோட்டுக்காரி கேட்டாள்.

"ஆமாங்க" என்றாள் நதியா. அவளுடைய குரலில் இருந்த பெருமையை வேடியப்பன் அதற்குமுன் கேட்டதில்லை.

மத்தியானம், வெட்டாமல் விட்டுவைத்திருந்த ஒரே மாமரத்தின் அடியில் குழந்தைகள் இரண்டும் ஒரே துண்டில் தூங்கின. காற்றில் பிஞ்சுகள் உதிர்ந்தன. நதியா ஒரு பிஞ்சை எடுத்து நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க."

"ம்."

"இப்படியே கூட்டிட்டுப் போயிடலாமா?"

"எங்க?"

"எங்கன்னா? வீட்டுக்குத்தான். மறுபடியும் எல்.கே.ஜி.யில சேத்துக்கலாம். ரெண்டும் ஒண்ணாப் போகும், ஒண்ணா வரும். இந்தத் தரம் எங்கக்கா கிட்டல்லாம் அனுப்ப வேண்டியதில்ல. நானே பாத்துக்குவேன்."

"ஆதார் கார்டுல வயசு இருக்கே."

"ஆதார்ல என் வயசே தப்பாத்தான் இருக்கு. அதை வெச்சு யாரு என்ன கேட்டாங்க?"

வேடியப்பன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, தூங்கும் குழந்தையின் உள்ளங்காலை விரலால் தொட்டுப்பார்த்தான். கால் இழுத்துக்கொண்டது.

"நானும் பாக்கல நதியா, இவளை இந்த வயசுல" என்றான். "விடியறதுக்கு முன்ன போவேன், தூங்கிட்டிருப்பா. வருவேன், தூங்கிட்டிருப்பா. அப்புறம் ஒருநாள் வந்தேன், ஆளே இல்ல."

"அப்ப?"

"உன் இஷ்டம். நீ என்ன சொல்றியோ அது."

முடிவாகிவிட்டது போலத்தான் இருந்தது. நதியா அந்தத் துண்டின் ஓரத்திலேயே படுத்து, வரப்போகும் வருடத்தை மனதுக்குள் ஓட்டிப்பார்த்தாள். ஒரே தட்டில் இருவருக்கும் பருப்புச்சோறு பிசைந்து ஆளுக்கொரு வாய் ஊட்டுவாள். ஒரே சோப்பில் குளிப்பாட்டுவாள். தூங்கும்போது யாரிடமும் கைமாற்ற மாட்டாள்.

சாயங்காலம் அவர்கள் எழுந்து போன வழியில்தான் ஒட்டகச்சிவிங்கி நின்றது. பலகையில் வரைந்த ஒட்டகச்சிவிங்கி, அதன் முழங்காலில் ஒரு சிவப்புக்கோடு, கோட்டை எட்டும் குழந்தைகள் மட்டுமே கழுகு ரயிலில் ஏறலாம். கழுகு ரயில் அதற்குப் பின்னால் இரும்புத் தண்டவாளத்தில் குட்டிக்கரணம் போட்டு இரைந்துகொண்டிருந்தது.

தன்ஷிகா இந்த லீவு முழுக்கக் கேட்டது அந்த ஒன்றை மட்டும்தான். வகுப்பில் ரிதன்யா என்ற பெண் கழுகு ரயிலில் போய்வந்தவள், நீ குள்ளச்சி, உன்னை ஏத்த மாட்டாங்க என்று அவள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தன்ஷிகா ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். அவளுக்குப் பிடிக்காத பாலை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். தினமும் காலையில் எழுந்ததும் பிரிட்ஜுக்கு முதுகைக் காட்டி நின்று, தலைக்குமேல் கைவைத்து, திரும்பிப் பார்த்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பல் தேய்க்கப் போனாள். நதியா அடுப்படியிலிருந்து அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். இங்கே வருவதற்கு முதல்நாள்தான், தூங்கப்போகும்போது, "ம்மா, நாளைக்குச் செருப்போட நிக்கலாமா, கழட்டச் சொல்வாங்களா?" என்று கேட்டிருந்தாள்.

நதியா பலகைக்கு முன்னால் நின்றாள். குழந்தை அழும் என்று பயந்தாள், அழுதால் என்ன சொல்லி ஆற்றுவது என்று யோசித்தாள். இடுப்பில் இருந்த தன்ஷிகா ஒட்டகச்சிவிங்கியை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாடு" என்றாள்.

"தன்ஷி, அது கழுகு ரயிலுடா. நீ கேட்ட ரயிலு."

"சத்தம்" என்று காதைப் பொத்திக்கொண்டாள். "வேணா. போலாம்."

"உனக்கு வேணாமா?"

"வேணா."

அவள் அழவில்லை. முகத்தைத் தாயின் தோளில் புதைத்துக்கொண்டு நிம்மதியாகக் கட்டைவிரலைச் சூப்பினாள். வரிசையில் நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கோட்டுக்குமுன் வந்து, குதிகாலைத் தூக்கி, ஊழியர் தோளை அழுத்த, கீழே இறங்கி, அளந்து, சிலர் உள்ளே ஓடினார்கள், சிலர் உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். நதியா அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேடியப்பன் ருத்விக்குக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோதும் அவள் நகரவில்லை.

"என்ன?"

"இவ ரயிலை மறந்துட்டா."

"மறந்தா நல்லதுதான். ஏத்த மாட்டாங்கன்னு அழுவாளோன்னு இருந்தேன்."

நதியா வாசல் பக்கம் நடந்தாள். பேபியக்கா கடையில் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நதியா குழந்தையை இறக்காமலே, பூப்போட்ட சட்டைக்கு மேலாகக் காலையில் கழற்றிய பெரிய கவுனை எடுத்து வைத்துப்பார்த்தாள். கவுனின் விளிம்பு குழந்தையின் பாதத்துக்குக் கீழே வந்தது.

"சட்டையை வெச்சுக்கறியாம்மா, திருப்பறியா?" என்றாள் பேபியக்கா. எல்லோரிடமும் கேட்பதுதான், அதில் நல்லது கெட்டது எதுவும் இல்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். இறக்குனதும் அந்த மிச்ச வயசு எங்க போவும்?"

"எங்க போவும், வாசல்லதான் நிக்கும்."

"நிக்குமா?"

"வேறெங்க போறது அதுக்கு? யாரைத் தெரியும்? வர்றவங்க வந்து சொல்ற வரைக்கும் அங்கதான் நிக்கணும்." அவள் முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். "நான் கடையைக் கட்டிட்டுப் போறப்ப சில நாள் கதவுகிட்ட யாரோ கால் மாத்திக் கால் மாத்தி நிக்கற மாதிரி இருக்கும். திரும்பிப் பாத்தா ஒண்ணும் இருக்காது."

"இருட்டுனப்புறம்?"

"இருட்டுனப்புறம் நான் இருக்கறதில்லையேம்மா."

நதியா திரும்பிக் கதவைப் பார்த்தாள். கம்பிகளுக்கு அப்பால் வெயில் சாய்ந்து தரை மஞ்சளாக இருந்தது. மூட்டை முடிச்சுகளோடு ஆட்கள் போனார்கள், பலூன்காரன் மிச்சப் பலூன்களைக் கம்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். யாரும் அங்கே நிற்கவில்லை. நிற்காத இடத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடிக்காத பாலை மூக்கைப் பிடித்துக் குடித்தவள், கம்பியில் தொங்கி உள்ளங்கை காய்த்துப்போனவள், யாரும் ஊட்டாமல் யாரும் தூக்காமல் தானாகவே வளர்ந்துகொண்டு வந்தவள். அவளை மறுபடியும் யாரிடமும் சொல்லாமல் ஓரிடத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"காலையிலிருந்து நிக்கறா" என்றாள் நதியா.

வேடியப்பனுக்கு யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

அவள் சின்னச் சட்டையைக் கழற்றிப் பேபியக்காவிடம் கொடுத்தாள். தன் முந்தானையால் குழந்தையின் ஈரத்தலையைத் துவட்டினாள், அதை வேண்டிய அளவைவிட அதிக நேரம் செய்தாள், உச்சிக்குடுமியை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள், பிறகு அந்தப் பெரிய கவுனைத் தலைவழியாகப் போட்டாள். குழந்தை கைகளைத் தேடிக் கிடைக்காமல் கவுனுக்குள்ளிருந்து சிரித்தது. நதியா அந்தச் சிரிப்பையும் சேர்த்துத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கவுன் அவள் புடவைக்கு மேல் இன்னொரு புடவை போலத் தொங்கியது.

கவுன்ட்டரில் நாலைந்து குடும்பங்கள் நின்றன. அவர்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், பின்னால் வருகிறவர்களை முதலில் போகச்சொல்லி வழிவிட்டுக்கொண்டிருந்தார். அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை. "அவசரமில்ல சார், மூட இன்னும் நேரம் இருக்கு" என்று காவலாளி அவருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

"ரெட்டைக் குழந்தை சாரா?" என்றாள் ஜன்னலுக்குள் இருந்த பெண். காலையில் தலை நிமிராதவள் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "யாருக்கு ஏத்தணும்?"

"பொண்ணுக்கு" என்றான் வேடியப்பன்.

"வயசு சொல்லுங்க. கதவு ஒரு தடவதான் கேக்கும், சரியாச் சொல்லுங்க."

வேடியப்பன் ஜன்னலுக்குக் குனிந்தவன் நிமிர்ந்தான். அவன் நதியாவைப் பார்த்தான். அவள் குழந்தையின் பிடரியில் மூக்கை வைத்திருந்தாள். அவள் அப்படியே திரும்பி வெளியே நடந்துவிட்டால் தானும் பின்னாலேயே போய்விடுவோம் என்று அவனுக்குத் தெரிந்தது. காவலாளியும் ஒன்றும் சொல்ல மாட்டார், பெங்களூர் சாலையில் பஸ் வரும், கண்டக்டர் வருவார், இரண்டுக்கும் மூணு முடியலை என்றால் பொய்யாகாது.

"மேடம்?" என்றாள் அந்தப் பெண்.

நதியா முகத்தை எடுத்தாள்.

"ரெட்டை இல்ல" என்றாள். "இவ அக்கா. அஞ்சு முடிஞ்சிடுச்சு." கொஞ்சம் நிறுத்தி, மூச்சை உள்ளே இழுத்து, எல்லோரும் பிள்ளைகளின் வயதைச் சொல்கிற மாதிரியே சொன்னாள். "ஆறு நடக்குது."

முதலில் பாரம்தான் வந்தது. இடுப்பு ஒருபக்கமாகச் சாய்ந்தது. தொங்கிக்கொண்டிருந்த கவுனுக்குள் கால்கள் நிறைந்தன, கவுன் மேலேறி முழங்காலுக்கு வந்தது, பெண் பாரத்தில் கீழே சரிய, பாதங்கள் நதியாவின் முழங்காலைத் தாண்டிக் கெண்டைக்காலைத் தாண்டித் தரையைத் துழாவின. கழுத்தைச் சுற்றியிருந்த கை நீண்டது. நதியா பிடியைத் தளர்த்தவில்லை, அந்தப் பாரத்தை அவள் அதற்குமுன் ஒருநாளும் தூக்கிப் பார்த்ததில்லை.

"ம்மா, எதுக்கு என்னைத் தூக்கி வெச்சிருக்க?" என்று காதருகில் ஒரு தெளிவான குரல் கேட்டது. "எல்லாரும் பாக்கறாங்க. இறக்கி விடு."

"கொஞ்ச நேரம் இரு" என்றாள் நதியா.

"கால் தரையில இடிக்குது."

"இடிக்கட்டும்."

அம்மா அப்படிச் சொல்லித் தன்ஷிகா கேட்டதில்லை. எழும்பி நின்ற தலையைக் கொஞ்சம் யோசித்து, கூச்சத்தோடு, தாயின் தோளில் ஓரமாக வைத்துப்பார்த்தாள். வேடியப்பனின் கையில் இருந்த ருத்விக் அக்காவைப் பார்த்து 'ர' வராத பழைய வாயால் ஏதோ கத்தினான். பின்னால் நாற்காலியில் இருந்த பெரியவர் தன் தோளில் தூங்கும் குழந்தையை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

பிறகு நதியா இறக்கிவிட்டாள். பெண் கவுனை இழுத்து நேராக்கிக்கொண்டு கழுகு ரயில் இரைந்த பக்கம் நடந்தாள்.